லைவில் வந்த தாய்மாமன்

அந்தப் போனைக் கொஞ்சம் கவிழ்த்து வைத்துக்கொள் அம்மணி. தப்பாக நினைக்காதே. நீ யாருக்கோ மெசேஜ்தான் அடிக்கிறாய், தெரிகிறது. இருந்தாலும் கேமரா இந்தப் பக்கம் பார்க்க வேண்டாம். ம். அப்படியே மடியிலே இருக்கட்டும். நீ நன்றாயிருப்பாய்.

ஜன்னலோரம் இருப்பது என் பெண். மாஸ்க் போட்டிருக்கிறாள் என்று தள்ளி உட்காராதே, காய்ச்சல் எல்லாம் இல்லை. முகம் தெரியக்கூடாது, அவ்வளவுதான். பேர் கேட்காதே, சொல்லமாட்டேன். எந்த ஊர் போகிறோம் என்றும் சொல்லமாட்டேன். பதினோரு நாளாக யாரிடமும் எதையும் சொல்வதில்லை என்று இருக்கிறேன். ஏறும்போது பார்த்தாயே அந்தக் கண்டக்டரை? காதோடு காதாகச் சொன்னேன். அந்த ஆள் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "வெள்ளக்கரட்டுப் பிரிவு ரெண்டா?" என்கிறான். அடிக்காத குறையாகச் சண்டை போட்டேன். "ஏம்மா, ஊர்ப் பேரச் சொன்னதுக்கா இத்தன பேச்சு?" என்று என்னையே கேட்கிறான். அவனுக்கு என்ன தெரியும்.

ஈரோட்டில் ஏறினதிலிருந்து, ஏறுகிற ஆம்பளைகளின் காலைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். முகத்தைப் பார்த்தால் நாம் பார்ப்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். கால் என்றால் தெரியாது. அவனுக்கு வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும். செருப்பைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தான் பார், அப்போது பார்த்தேன்.

எவன் என்கிறாயா? அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். நீ எங்கே இறங்குகிறாய்? தாராபுரமா. நர்ஸ்தானே? கழுத்திலே தொங்குகிறதே கார்டு, பேரு, ஆஸ்பத்திரி, ரத்தம் என்ன குரூப்பு என்பது வரைக்கும். அதை எடுத்து உள்ளே போடு முதலில். பொம்பளைப் பிள்ளை இப்படியா ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு வருவது.

சரி, பிரிவு வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இடிக்காதே பாப்பா, இந்த அக்கா நல்ல அக்கா.

என்னை உனக்குத் தெரியவில்லை இல்லையா? நல்லதாய்ப் போயிற்று. ஆனால் நாற்பத்திரண்டாயிரம் பேருக்குத் தெரியும் அம்மணி. கோகிலாக்கா கலெக்‌ஷன்ஸ். பேரே கேள்விப்பட்டதில்லையா? நீ சேலையே எடுக்கமாட்டாய் போலிருக்கிறது.

நான் எட்டாவதோடு நின்றவள். நைட்டி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லைன் வீடு லைன் வீடாக ஏறி இறங்கினேன். முதல் மாதமே ஒருத்தி மூன்று நைட்டியை எடுத்துக்கொண்டு ராவோடு ராவாக வீட்டைக் காலி பண்ணிவிட்டாள். அதுதான் நான் படித்த படிப்பு. அதற்கப்புறம் ஜவுளிச் சந்தையில் என்னை ஏய்த்தவன் கிடையாது. அவன் சொல்கிற விலையில் பாதியில் ஆரம்பிப்பேன். முறைப்பான். நான் அதைவிட முறைப்பேன். சேலையைச் சுருட்டி அவன் மடியிலேயே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பேன். பத்து அடி. பத்தாவது அடிக்குள் "அக்கா, வாங்க்கா" என்று கூப்பிடுவான். கூப்பிடாமல் விட்டவன் ஒருத்தன் இல்லை. கத்துகிறவனிடம் எனக்குப் பயமே கிடையாது. அவன் கத்தினால் நானும் கத்துவேன், முடிந்தது கணக்கு.

கொரோனாவில் வீடு வீடாகப் போக முடியாமல் போனபோதுதான் போனில் ஆரம்பித்தேன். தினமும் காலை பதினோரு மணிக்கு லைவ். சேலையைப் பிரித்துக் காட்டி நம்பர் சொல்வேன். யார் முதலில் ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறாளோ அவளுக்கு. ஆறு மாதம் நாயாய்க் கத்தினேன், முப்பது பேர் பார்ப்பார்கள், அதில் நாலு பேர் எடுப்பார்கள். ஒரு நாள் காலை எட்டு மணிக்கே லைவ் போட்டேன், நடுவில் சமையலறையிலிருந்து இவள் வெளியே ஓடிவந்தாள், யூனிஃபார்ம், ஒரு பக்கம்தான் ஜடை. "அம்மா, பால் பொங்குது." நான் பதறி எழுந்து ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் கமெண்ட் குவிந்து கிடக்கிறது. பாப்பாவைக் காட்டுங்க. பாப்பா எத்தனாவது படிக்குது. இன்னொரு ஜடையை யார் போடுவா. அன்றைக்கு மூட்டை காலி.

நான் வியாபாரி அம்மணி. எது ஓடுகிறதோ அதை முன்னால் அடுக்குவேன்.

அடுக்கினேன். என் வீட்டுக்காரன் திருப்பூரில் இன்னொருத்தியோடு போன கதையை மூன்று பாகமாகப் போட்டேன். தைராய்டு மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னேன். ஹால் ஃபேனுக்கு முதல் இரண்டு சுவிட்ச் வேலை செய்யாது, மூன்றாவதைத்தான் தட்ட வேண்டும், அது ஒரு நாள் காமெடியாகப் போயிற்று. எங்கள் ஊரில் நான் கிணற்றில் விழுந்தது, முட்டியில் தழும்பு, அம்மா பேரு, எங்கள் செவலைப் பசு செத்தது. சொல்லச் சொல்லச் சேலை போயிற்று. நீ என்ன அப்படிப் பார்க்கிறாய்? பொய் சொல்லி விற்றேனா? உண்மையைத்தானே சொன்னேன்.

இவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏழாவது படிக்கும்போது எதிரில் வந்து நின்றாள், கைகட்டிக்கொண்டு. "அம்மா, இனிமே என்னக் காட்டாத. கிளாஸ்ல எல்லாரும் கேக்கறாங்க. பசங்க என் ஜட்டி வாங்கின கடை வரைக்கும் சொல்றாங்க." எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த வீட்டு வாடகை, ஸ்கூல் பீஸ் எல்லாம் எதில் வருகிறது? ஆனாலும் பெற்ற பெண்ணாயிற்றே, பேசித் தீர்த்துக்கொண்டோம். அவள் ஒரு நாளும் வேண்டாம் என்றாள். நான் ஆறு நாள் என்றேன். கடைசியில் வாரத்துக்கு இரண்டு நாள், முகம் இல்லாமல் முதுகு மட்டும், குரல் எப்போது வேண்டுமானாலும் என்று முடித்தோம். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். நல்ல பேரம் என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வயசுப் பெண்ணிடம் ஜெயித்துவிட்டு நினைத்துக்கொண்டேன், ஆமாம்.

அப்புறம் போன மாதம் இவள் பெரிய மனுஷி ஆனாள்.

இடிக்காதே என்றேனே. பஸ்ஸில் யார் கேட்கிறார்கள்?

அன்றைக்கு பாத்ரூம் கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள், "அம்மா, ஒண்ணே ஒண்ணு. இத மட்டும் போட்றாத." நானும் ம் என்றேன். சாமி சத்தியமாக ம் என்றுதான் சொன்னேன். ஆனால் யோசித்துப் பார் அம்மணி. நம் ஊரில் இதை யார் மறைக்கிறார்கள்? மண்டபம் பிடிக்கிறோம், பத்திரிகை அடிக்கிறோம், ரோட்டோரம் இருபதடிக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறோம், குதிரை வண்டியில் ஏற்றுகிறோம். பஸ்ஸில் போகிறவன் எல்லாம் பார்க்கிறான். லைவில் சொன்னால் மட்டும் என்ன குறைந்துவிடும்? அது வைகாசி. பாவாடை தாவணி செட்டு நூற்றிருபது பீஸ் இறக்கி வைத்திருந்தேன்.

பதினோரு மணிக்கு உட்கார்ந்தேன். பச்சைப் பட்டுப் பாவாடையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சொன்னேன், என் பாப்பா பெரிய மனுஷி ஆயிட்டாங்க என்று. அத்தனையும் பூவாக, ஹார்ட்டாக விழுகிறது. அப்போது என் வாயிலிருந்து ஒன்று வந்தது. "எல்லாப் புள்ளைங்களுக்கும் தாய்மாமன் சீர் கொண்டு வருவான். எனக்குக் கூடப்பொறந்தவன்னு ஒருத்தன் இல்லீங்க. என் புள்ளைக்கு யார் தட்டு எடுத்துட்டு வருவா?" சொல்லும்போதே அழுதுவிட்டேன். நடிப்பு இல்லை அம்மணி, நிஜமாகவே அழுகைதான். செட்டு முழுக்க நாற்பது நிமிஷத்தில் போயிற்று.

இங்கே உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கூடப்பிறந்தவன் இருக்கிறான். அர்த்தநாரி. எனக்கு மூன்று வயது மூத்தவன். கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். என் வீட்டுக்காரன் ஓடிப்போனபோது வந்து வாசலில் நின்று, "நான் அப்பவே சொன்னேன்" என்றான். கையில் இருந்த சொம்பை அவன் மேல் வீசினேன். நெற்றியில் பட்டது. அதோடு ஒன்பது வருஷம். இவளுக்கு அப்போது நாலு வயசு, அவன் முகம்கூட ஞாபகம் இல்லை. நான் அவனைப்பற்றி லைவில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சின்ன வயசில் அவன் எனக்கு ஒரு பேர் வைத்துக் கூப்பிடுவான். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அப்படிக் கூப்பிட வைத்து அழவிடுவான். என்ன பேரா? அதை மட்டும் கேட்காதே. அது ஒன்றை நான் எவரிடமும் சொன்னதே இல்லை. என் வீட்டுக்காரனுக்கே தெரியாது.

சரி, லைவுக்கு வருகிறேன். "அன்பு உள்ளம்" என்று ஒரு ஐடி. தாமரைப் பூப் படம் போட்டிருக்கும். முதலிலிருந்து இருக்கிறவன். பாப்பா சாப்ட்டாச்சா, பாப்பாக்கு சளி தேவலையா என்று தினமும் கேட்பான். யாராவது என்னைத் திட்டினால் முதலில் சண்டைக்குப் போவான். அன்றைக்கு அவன் போட்டான், "அழாதீங்க அக்கா. நான் இருக்கேன். தாய்மாமன் சீர் என்னுது." நான் எப்போதும் கமெண்டை வாய்விட்டுப் படிப்பேன், பேர் சொல்லி. அப்படிப் படித்தால்தான் நாளைக்கும் வருவார்கள். படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு சொன்னேன், "வாங்க தம்பி. உங்களுக்கு இல்லாத உரிமையா?"

பேச்சுக்குச் சொல்வதுதானே அம்மணி? "வீட்டுக்கு வாங்க" என்று நாம் ஆயிரம் பேரிடம் சொல்கிறோம். வந்துவிடுகிறார்களா?

வந்தான். அடுத்த சனிக்கிழமை, பதினொன்றே காலுக்கு, லைவ் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

பெல் அடித்தது. கூரியர் பையன்தான் பார்சல் எடுக்க வந்திருக்கிறான் என்று போனோடு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முப்பத்தைந்து வயசு இருக்கும். வாசலில் ஆட்டோ நிற்கிறது. செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தான். ஏழு தட்டு. பழம், பூ, இனிப்பு, வளையல், துணி. "அக்கா, நான்தான் அன்பு உள்ளம்." திரையில் அறுநூறு பேர். மாமா வந்துட்டார், மாமா வந்துட்டார் என்று குதிக்கிறார்கள். எனக்கு உள்ளே ஏதோ ஒன்று 'கதவைச் சாத்து' என்றது. ஆனால் அறுநூறு பேர் பார்க்கும்போது முகத்தில் எப்படிச் சாத்துவது? சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையை நீட்டித் தட்டை வாங்கினேன்.

உனக்குத் தெரியுமே, நம் வழக்கத்தில் சீர்த்தட்டைக் கை நீட்டி வாங்கினால் மாமன் உரிமையை ஒத்துக்கொண்டதாக அர்த்தம் என்று.

உள்ளே வந்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனான். பார்க்காமலே மூன்றாவது சுவிட்சைத் தட்டினான். ஃபேன் சுற்றியது. லைவில் காமெடியாகச் சொன்னேனே அம்மணி, அந்த சுவிட்ச். அதற்கப்புறம் அவன் எதையும் கேட்கவில்லை. டம்ளர் எந்த அலமாரியில் என்று கேட்கவில்லை. பூஜை அறை எது என்று கேட்கவில்லை. இவள் ரூம் கதவுக்கு நேராகப் போய் நின்று, விரலால் மெல்லத் தட்டி, "பாப்பா, மாமன் வந்திருக்கேன். இன்னிக்கு ஸ்கூல் லீவுதானே" என்றான். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. இவளுக்குப் புத்தி இருந்தது. பெற்றவளுக்கு இல்லை.

நான் லைவை அணைத்தேன். அணைத்த பிறகுதான் அவன் என் பக்கம் திரும்பினான். சத்தமே இல்லாமல் பேசினான். "மாமன்னா மொறைன்னு ஒண்ணு இருக்குல்லக்கா. அவசரமில்ல. பாப்பா படிக்கட்டும். அஞ்சு வருஷமானாலும் நான் காத்திருப்பேன்."

நான் கத்திய கத்தலில் தெருவே கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. அடுத்த வீட்டுக்காரி, லைவுக்கு ஏதோ பண்ணுகிறாள் என்று நினைத்தாளாம். தட்டை எல்லாம் வாசலில் வீசினேன். அவன் குனிந்து குனிந்து ஆப்பிளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். "யார்றா உனக்கு என் வீட்டக் காட்டினது?" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். அப்படியொரு வருத்தம் அவன் முகத்தில். "நீங்கதானேக்கா எழுதிக் குடுத்தீங்க" என்று ஒரு தட்டிலிருந்து விழுந்த துணி கவரைத் திருப்பிக் காட்டினான்.

என் கவர் அம்மணி. என் பச்சைப் பட்டுப் பாவாடை. அந்த வாரம்தான் நான் அனுப்பியது. அதை வாங்குவதற்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி மெசேஜில் இழுத்தான், முடியாது என்று நின்றேன். மூலையில் 'அனுப்புநர்' என்று என் கையெழுத்து. வீட்டு நம்பர், தெரு, பின்கோடு, போன் நம்பர். வீடியோ எடுக்கும்போது வாசல் நம்பர் தெரியாமல் இருக்கட்டும் என்று அதன் மேல் காலண்டர் மாட்டி வைத்திருந்தேன், அவ்வளவு கெட்டிக்காரி. நாலு வருஷமாகத் தமிழ்நாடு முழுக்க என் விலாசத்தை நானே எழுதி எழுதி அனுப்பியிருக்கிறேன்.

தண்ணி இருக்கிறதா? கொடு ஒரு வாய்.

போய்விட்டான். கத்தியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். கத்தாதவனிடம் எப்படிப் பேரம் பேசுவது? அவனிடம் நான் பத்து அடி நடந்தால், பின்னாலேயே பத்து அடி வருவான், கூப்பிடமாட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் வேன் டிரைவர் போன் பண்ணினார். நல்ல மனுஷன், அவர் வீட்டம்மா என் கஸ்டமர். "ஏனுங்க்கா, உங்க தம்பி ஸ்கூல் கேட்டுக்கு வந்திருக்காரு, பாப்பாவக் கூட்டிட்டுப் போறேங்கறாரு. பாப்பா எறங்க மாட்டேன்னு சீட்டுக் கம்பியப் புடிச்சுட்டு அழுவுதுங்க. என்ன சண்டைங்களா?" அவர் அந்த லைவைப் பார்த்திருக்கிறார். நான் சிரித்துக்கொண்டே தட்டு வாங்கியதைப் பார்த்திருக்கிறார். அவரும் ஒரு கையால் இவளை இறக்கிவிடத்தான் பார்த்தாராம், மாமாதானே என்று. இவள் கம்பியை விடாமல், "எனக்கு மாமாவே இல்ல, எங்கம்மா சொன்னாங்கல்ல, எனக்கு மாமாவே இல்ல" என்று கத்தினதில்தான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

உள்ளங்கையைக் காட்டு பாப்பா. காட்டமாட்டாளாம். தோல் உரிந்து போயிற்று அம்மணி, அந்தக் கம்பியைப் பிடித்த பிடியில். அன்றையிலிருந்து என்னிடம் பேச்சில்லை. வேண்டும் என்றால் தலையாட்டுவாள், இல்லை என்றால் அதுவும் இல்லை.

ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு போலீஸ்கார அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். வீடியோவை முழுக்கப் பார்த்தார். "வாங்கன்னு நீங்களே கூப்ட்ருக்கீங்க. தட்ட நீங்களே வாங்கிருக்கீங்க. சிரிச்சிருக்கீங்க. சரி, ஸ்கூல்ல வந்து நின்னது தப்பு, எழுதிக் குடுங்க, புடிச்சு விசாரிக்கிறோம்" என்றார். அவன் நம்பர் ஆஃப். விலாசம் கிடையாது, பார்சலைக் கூரியர் ஆபீசில் நேரில் வந்து வாங்கியிருக்கிறான். "கொஞ்ச நாள் சொந்தக்காரங்க வீட்ல இருந்துக்கங்க" என்று அந்த அம்மா சொன்னபோது, சொந்தக்காரர் யார் என்று நினைத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டாயிரம் பேரில் ஒருத்தர் வீட்டுக்கும் எனக்கு வழி தெரியவில்லை.

சேனலை அழித்தேன். மொத்தமாக அழித்துவிட ஒரு பட்டன் இருக்கிறதாம், எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக அழித்தேன், எண்ணூற்றுச் சொச்சம் வீடியோ, ஒரு பகல் முழுக்க. எல்லாவற்றிலும் மூலையில் இவள். ஒற்றை ஜடை, ரெட்டை ஜடை, பல் விழுந்த சிரிப்பு, கைகட்டு. கடைசி ஒரு வருஷத்துக்கு வெறும் முதுகு. அந்த முதுகு வீடியோவை அழிக்கும்போதுதான் அம்மணி, இந்தக் குழந்தை எவ்வளவு நேரம் திரும்பாமலே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தேன்.

நேற்று அர்த்தநாரிக்குப் போன் போட்டேன். அண்ணிதான் எடுத்தாள். குரல் தெரிந்ததும், "இவருக்குத் தங்கச்சி இல்லீங்களே. அவங்களே லைவுல சொல்லிட்டாங்க, அழுதுட்டு" என்றாள். பார்த்திருக்கிறார்கள். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் தெரியுமா? அண்ணனிடம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். அப்புறம் போன் கை மாறியது. கோழிகள் சத்தம். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அவன் பேசியது இவ்வளவுதான்: "ரெண்டேகால் பஸ்ஸுக்கு வா. பிரிவுல நிக்கறேன்." வைத்துவிட்டான்.

அப்படியென்றால் இனி என்ன பயம் என்று கேட்பாய். கேள். காலையில் கிளம்பும்போது ஒன்று செய்தேன். பணம் கட்டினவர்கள் பதினாறு பேருக்குப் பார்சல் பாக்கி. ஏமாற்றிவிட்டு ஓடிவிட்டாள் என்று பேராகிவிடுமே. என்னிடமிருந்து நைட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாளே, அந்த மாதிரி. அதனால் ஸ்டேட்டஸில் ஒரே ஒரு வரி போட்டேன், "சொந்த ஊர் போகிறேன், பார்சல் பத்து நாள் தாமதம், கோகிலாக்கா." அவ்வளவுதான். ஊர்ப் பேர்கூடப் போடவில்லை.

பஸ் ஏறி உட்கார்ந்ததும் புது நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். தாமரைப் பூ. "நல்லபடியா போய்ட்டு வாங்க அக்கா. பிரிவுல எறங்கும்போது சம்யுக்தா கையப் பிடிச்சுக்குங்க, லாரி வர்ற ரோடு."

அடக் கடவுளே, பேரைச் சொல்லிவிட்டேனா. நீ மறந்துவிடு அம்மணி.

அந்தப் பிரிவைப்பற்றி நான் எப்போது லைவில் சொன்னேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சொல்லியிருப்பேன். டீக்கடை, பஞ்சர் கடை, லாரி, எல்லாம் சொல்லியிருப்பேன். கிணற்றில் விழுந்த கதையில் வரும். எதில்தான் நான் எதைச் சொல்லாமல் விட்டேன்?

காங்கேயம் தாண்டிவிட்டோமா? அப்போதே தாண்டிவிட்டோமா?

இதுதான். இந்த வளைவு. விசில் ஊதிவிட்டான். இரு பாப்பா, எழுந்திருக்காதே. உட்கார். அம்மணி, நீ கொஞ்சம் எட்டிப் பாரேன், உன் கண் நல்ல கண். டீக்கடை தெரிகிறதா? எத்தனை பேர் நிற்கிறார்கள்? ஒருத்தன்தானா? பைக்கிலா? ஹெல்மெட்டா? கறுப்புக் கண்ணாடி இறக்கிவிட்ட ஹெல்மெட்டா? உயரம்? அர்த்தநாரி உயரம்தான். அவனும் அந்த உயரம்தான். கால்? காலைப் பார். பூட்ஸா? முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸா? பண்ணையில் போடுவதுதான், ஆனால் எவனும் போடலாமே. நகம் தெரியாதே.

இருங்க கண்டக்டர், எறங்கறோம். காசு குடுத்துத்தான டிக்கெட் வாங்கினோம்? ரெண்டு நிமிஷம் நின்னா உங்க பஸ்ஸு என்ன தேஞ்சா போயிடும்?

என்ன பாப்பா? சொல்லு. சொல்லு கண்ணு. இவள் பேசுகிறாள் அம்மணி. "அம்மா, எறங்காத. நீ லைவுல சொல்லாதது ஏதாச்சும் ஒண்ணு கேளு அந்த ஆளு கிட்ட. அதுக்குப் பதில் சொன்னா எறங்கலாம்."

என்னத்தைக் கேட்பேன்? அம்மா பேரு? சொல்லியாயிற்று. பசு மாடு? அதுவும் போட்டாயிற்று. கிணறு, தழும்பு, வாழைத்தோப்பு, அப்பா செத்த நாள், எல்லாவற்றையும் சேலையோடு சேர்த்து மடித்துக் கொடுத்தாயிற்று. சொம்பு! நான் வீசினது. இல்லை, அதையும் ஒரு தடவை, "ஒருத்தர் மேல சொம்ப வீசினேன்" என்று சிரிப்புக்குச் சொன்னேன். யார் மேல் என்று சொல்லவில்லை, ஆனால் அவன் ஊகித்திருப்பான். அம்மணி, முப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்திருக்கிறேன். கேட்பதற்கு ஒரு கேள்வி இல்லை என்னிடம்.

வருகிறான். பைக்கை விட்டு இறங்கிவிட்டான். ஜன்னல் பக்கம்தான் வருகிறான். ஷட்டரை இறக்கு பாப்பா, இறக்கு. மாட்டிக்கொண்டது. அம்மணி, நீ இவள் கையைப் பிடித்துக்கொள். விடாதே. என்ன ஆனாலும் விடாதே.

கண்ணாடியைத் தூக்குகிறான்.

"ஏய் ஓட்டவாயி! பஸ்ஸே நின்னு போச்சு, இன்னும் பேச்சு நிக்கலயா உனக்கு? புள்ளையக் கூட்டிட்டு எறங்குடி."

…

கேட்டாயா.

கேட்டாயா அம்மணி. அவன்தான். நெற்றியில் பார், சொம்பு பட்ட இடம். எறங்கறேண்ணா, எறங்கறேன், கத்தாத. பாப்பா, வா. உன் மாமன்தான். இந்தத் தடவை நிஜம். என் கையைப் பிடித்துக்கொள், லாரி வருகிற ரோடு.

பார், முன் சீட்டில் சிரிக்கிறார்கள். நீயும் சிரிக்கிறாய். உனக்கு மட்டும் என்ன, ஏறினதிலிருந்து நீயும் மனதுக்குள் அதே பேரைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாயா?

போகட்டும். ஆனால் வேறு யாரிடமும் சொல்லாதே. என்னிடம் மிச்சம் இருந்ததே அது ஒன்றுதான், அதையும் ரோட்டில் நின்று கத்திவிட்டான்.

அம்மணி, அந்தப் போன் கவிழ்ந்துதானே இருக்கிறது?